பட்டியலில் இல்லாதது

பிரியும்போது வக்கீல் தாளை நடுவில் மடித்தார்.
இந்தப் பக்கம் எனக்கு: வீடு, தையல் மெஷின், நாய்.
அந்தப் பக்கம் ரெய்னோவுக்கு: டிரக், படகு,
தண்டர் பேக்கு வடக்கே அரை ஏக்கர் பாறை.
ஆறு சக்கரத்தில் நிலத்திலும் ஓடும், நீரிலும் மிதக்கும் இதை
வண்டி என்றும் எழுதவில்லை, படகு என்றும் எழுதவில்லை.
இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

இருபத்திரண்டு பனிக்காலம்
ஷெட்டுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரத்தடியில்
மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டியாய்க் கிடந்தது.
போன ஏப்ரலில் பனி விலகியதும் லார்ன் கேட்டார்
(லார்ன் என் இப்போதைய கணவர், நிதானமானவர்):
"இது யாருடையது? தூக்கிப் போட்டுவிடலாமா?"
பதில் தெரியாததால் ரெய்னோவுக்குப் போன் செய்தேன்.
ஒன்பது வருடத்தில் முதல் முறை.
"எஞ்சின் என்னிடம் இருக்கிறது" என்றான்.
எப்போது கழற்றிப் போனான் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் வந்தான்,
தன் காப்பியைத் தன் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு.

சீட்டுப் பஞ்சுக்குள் சுண்டெலி கூடு.
மீன்பிடி உரிமத்தைக் கடித்துக் கட்டியிருந்தது.
ஒரு துணுக்கில் என் பழைய குடும்பப் பெயரின் கடைசி நாலு எழுத்து.
ரெய்னோ அதைப் பார்த்தான், வாளியில் போட்டான்.

பிளாஸ்டிக்கில் விரிசல் எங்கே முடிகிறதோ
அங்கே சின்னதாய் ஒரு துளை போடவேண்டும்,
இல்லையென்றால் மேலே ஓடிக்கொண்டே இருக்கும் என்றான்.
வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.
அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

உடைந்த துண்டுகளை நறுக்கி அசிட்டோனில் ஊறவைத்தோம்,
என் ஓட்ஸ் கஞ்சிச் சட்டியில்.
விடிவதற்குள் மஞ்சள் கூழ்.
அதை வெண்ணெய்க் கத்தியால் பூசினேன்.
லார்ன் இரண்டு வாரம் டோஸ்ட் மட்டும் சாப்பிட்டார்.

பிஸ்டன் இறுகிப்போயிருந்தது.
சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனான்.
தினமும் சாயங்காலம் மரக்கட்டையால் தட்டிப் பார்த்தேன்.
பதினோராம் நாள் ஒரு நூல் நகர்ந்தது.
போன் செய்து சொன்னேன். "எவ்வளவு?" என்றான்.
"ஒரு நூல்."
அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

அச்சுக்கு இரண்டாய்ப் பன்னிரண்டு பேரிங்.
கிரீஸ் நகத்துக்குள் போனால் ஞாயிறு பிரார்த்தனை வரை இருக்கும்.

ஹவுக்கி ஏரியின் நடுவில், அந்தக் கடைசி இலையுதிர் காலம்,
அரை மூஸ் மானோடு இது மூழ்கியது.
அடித்தட்டு அடைப்பை மாட்ட மறந்தது நீ என்றான்.
நீ என்றேன்.
கயிறு கட்டி இழுத்து, இருட்டில் கவிழ்த்து நீரைக் கொட்டி,
வீடு வரை, பிறகு வக்கீல் வரை
அந்த அடைப்பைப் பற்றியே பேசினோம்.

ஜூனில் அடியைச் சுரண்டும்போது
சேற்றுக்குள் என் ஸ்பேனரில் ஏதோ தட்டியது.
அடைப்பு.
இறுக்கி மாட்டியபடியே, துருப்பிடித்து.
நீர் வந்தது மூன்றாவது அச்சின் தேய்ந்த சீல் வழியாக.
ரெய்னோ மல்லாந்து படுத்தபடி டார்ச் அடித்தான்,
அணைத்தான், மறுபடி அடித்தான்.
"சீல் நாலு டாலர்" என்றான்.
எழுந்து போய் டிரக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.
நான் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் இறக்கினோம்.
இடது கம்பியை இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் நிற்கும்,
வலப்பக்கம் மட்டும் உருண்டு வண்டியைத் திருப்பும்.
ரிவர்ஸ் கிடையாது, புதிதாய் வாங்கியபோதே கிடையாது.
டயர்கள் தண்ணீரைப் பிசைந்து பிசைந்து தள்ள,
ஒரு வாத்துக் குடும்பம் எங்களைத் தாண்டிப் போயிற்று,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கரையில் லார்ன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி.
முடிச்சு அவர் போட்டது.
கயிறு விறைத்ததும், திட்டுவார் என்று நினைத்தேன்.
பூட்ஸோடு முழங்கால் வரை நீரில் இறங்கி
இன்னும் இரண்டு முழம் கொடுத்தார்.

காலடியில் சில்லென்றது.
ரெய்னோ என்னைப் பார்த்தான், நான் அவனை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
காலி மார்ஜரின் டப்பாவால் அவன் மொண்டு ஊற்ற
நான் கம்பியை இழுத்தேன்.

யார் வீட்டில் நிற்கும் என்று இன்னும் பேசவில்லை.
இப்போதைக்கு ஷெட்டுக்குப் பின்னால்,
நீர் வடியட்டும் என்று அடைப்பைக் கழற்றி வைத்திருக்கிறது.
அடைப்பு என் ஏப்ரன் பையில்.